18 முதல் 25 வயதினரின் நம்பிக்கையும் விழுமியங்களும்: சர்வேயில் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

வைகைக்கரை எழுதியது:

மதுரை நகரிலும் அதை ஒட்டிய சில ஊராட்சிகளிலும் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் கடவுள் நம்பிக்கை, வழிபாட்டுப் பழக்கம், வாழ்க்கையில் எதைப் பெரிதாக மதிக்கிறார்கள் என்பவற்றை அறிய ஒரு சர்வே திட்டமிட்டிருக்கிறோம். ஒரு வாசகர் வட்டமும் சமூகவியல் மாணவர்கள் சிலரும் சேர்ந்து செய்யும் வேலை. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், மதம் வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் இதில் வர வேண்டும். இலக்கு 400 பேர்.

இப்போது கையில் இருப்பது 62 கேள்விகள் கொண்ட கூகுள் படிவம். வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுக்கு விடுவதாக யோசனை. முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்ததில், “கடவுள் இருக்கிறார் என நம்புகிறீர்களா” என்றதற்கு ஏறக்குறைய எல்லோரும் ஆம். நேர்மை, உழைப்பு, பெற்றோருக்கு மரியாதை, சமத்துவம் எவ்வளவு முக்கியம் என்றதற்கு எல்லோரும் 5-க்கு 5. இதை வைத்து ஒரு பத்தி கூட எழுத முடியாது.

கேட்க வந்தது மூன்று. ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும்படி எப்படிக் கேட்பது? 400 பேர் போதுமா, அவர்களை எங்கே பிடிப்பது? “முந்தைய தலைமுறையைவிட இன்றைய இளைஞர்கள் இப்படி மாறிவிட்டார்கள்” என்று முடிவில் எழுத இந்தச் சர்வே இடம் கொடுக்குமா?

---

பொருநை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சாம்பிள் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி இந்த நாட்டில் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை இந்தியாவில் ஏறக்குறைய 30,000 பேரை 17 மொழிகளில் நேரில் சந்தித்துக் கேட்டபோது, கடவுளை நம்புகிறோம் என்றவர்கள் 97 சதவீதம். உங்கள் 400 பேரில் அதே விகிதம் வந்தால் ‘இல்லை’ என்பவர்கள் 12 பேர். அந்த 12 பேரை ஆண், பெண், படிப்பு, தொழில் என்று பிரித்தால் ஒரு கட்டத்தில் இரண்டு பேர் நிற்பார்கள்.

அந்த ஒரு கேள்வியை நான்காக உடையுங்கள்: நம்புவது, செய்வது, சேர்ந்திருப்பது, முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் எடுப்பது. நான்கும் ஒரே ஆளிடம் ஒரே திசையில் போக வேண்டிய அவசியமில்லை. வாரம் தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர் வேலை, திருமணம் என்று வரும்போது அதைப் பற்றி நினைக்காமலே முடிவெடுக்கலாம். கோயில் பக்கம் போகாதவர் குலதெய்வத்துக்கு முடி இறக்காமல் பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்.

செய்வதைக் கேட்கும்போது “எவ்வளவு அடிக்கடி” என்று கேட்க வேண்டாம். பதில் சொல்பவர் தான் எப்படிப்பட்டவராக இருக்க விரும்புகிறாரோ அதைச் சொல்வார். அமெரிக்காவில் வாரந்தோறும் சர்ச்சுக்குப் போகிறோம் என்று சுமார் 40 சதவீதம் பேர் சர்வேக்களில் சொல்லிவந்தார்கள். ஹடவே, மார்லர், சேவ்ஸ் என்ற மூன்று சமூகவியலாளர்கள் சர்ச்சுகளில் தலை எண்ணிப் பார்த்து 1993-இல் வெளியிட்ட கட்டுரையில், உண்மை வருகை அதில் ஏறக்குறைய பாதிதான் என்று காட்டினார்கள். ஆகவே காலத்தைக் குறுக்குங்கள். “கடந்த 7 நாளில் இவற்றில் எதெல்லாம் செய்தீர்கள்?” என்று கேட்டு ஒரு பட்டியல் கொடுங்கள்:

– வீட்டில் விளக்கேற்றியது, தனியாக ஜெபித்தது அல்லது தொழுதது
– கோயில், சர்ச், பள்ளிவாசல், தர்கா உள்ளே போனது
– வழியில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டது
– மொபைலில் பிரசங்கம், பயான், சொற்பொழிவு, பக்திப் பாடல் கேட்டது
– விரதம், நோன்பு, உபவாசம் இருந்தது
– அன்னதானம், நோன்புக் கஞ்சி, திருவிழா வேலைக்கு உடலுழைப்பு கொடுத்தது
– கடவுள் உண்டா இல்லையா என்று நண்பரோடு வாதிட்டது
– இவற்றில் எதுவும் இல்லை

வருடத்துக்கு ஒருமுறை செய்வதற்குத் தனிப் பட்டியல், கால அளவு 12 மாதம்: சபரிமலைக்கு மாலை, பழனி அல்லது வேளாங்கண்ணி பாதயாத்திரை, திருவண்ணாமலை கிரிவலம், குலதெய்வம் கோயில், ரமலான் முழுதும் நோன்பு, பரீட்சைக்கோ வேலைக்கோ நேர்ந்துகொண்டது.

இரண்டு பட்டியலிலும் டிக் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு துணைக் கேள்வி: “தானாகச் செய்தீர்களா, வீட்டில் சொன்னதாலா, நண்பர்கள் கூப்பிட்டதாலா?” என்னைக் கேட்டால் மொத்தப் படிவத்தில் இதுதான் அதிகம் பேசும் கேள்வி. பௌர்ணமி கிரிவலத்துக்குப் போகும் இருவரில் ஒருவர் அம்மாவின் நேர்ச்சைக்காகவும் இன்னொருவர் நண்பர்களோடு ராத்திரிப் பயணத்துக்காகவும் போகலாம். பட்டியலில் இருவரும் ஒன்றுபோல்தான் தெரிவார்கள்.

வழிபாட்டு இடத்துக்கு ‘வருகை’யை மட்டும் வைத்து மதத்துக்கு மதம் ஒப்பிட்டால் கணக்கு கோணலாகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை ஆண்களுக்குத்தான் கடமை. தமிழகத்தில் முஸ்லிம் பெண்கள் பெரும்பாலும் வீட்டில்தான் தொழுகிறார்கள். இந்துப் பெண்கள் பலர் மாதவிலக்கு நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் 5 கேள்வி மதப் பற்றுக் குறியீடு பல ஆய்வுகளில் பயன்படுகிறது. அதிலும் முதல் கேள்வி கூட்டு வழிபாட்டுக்கு எத்தனை முறை போகிறீர்கள் என்பதுதான், நம் ஊர் இந்துக்களுக்கு அதில் மார்க் குறைந்துவிடும். அதைப் பயன்படுத்தினால் மூன்று பகுதிகளையும் (வருகை, தனி வழிபாடு, உள்ளார்ந்த பற்று) தனித்தனியாகவே வெளியிடுங்கள். கூட்டி ஒரே மார்க் ஆக்கக் கூடாது.

இனி விழுமியம். எல்லாவற்றுக்கும் மார்க் போடச் சொன்னால் எல்லாம் 5 ஆவது இயல்பு. இலவசமாகக் கிடைக்கும் மார்க்கை யார் மிச்சம் பிடிப்பார்கள்? தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 1981-இல் தொடங்கிய உலக விழுமியங்கள் சர்வேயில் ஒரு நல்ல கேள்வி உண்டு: பிள்ளைகளுக்கு வீட்டில் கற்றுத்தர வேண்டிய 11 குணங்களைக் கொடுத்து (நல்ல நடத்தை, சுயமாக நிற்பது, கடின உழைப்பு, பொறுப்பு, கற்பனை, பிறரை மதித்து ஏற்பது, சிக்கனம், விடாமுயற்சி, மத நம்பிக்கை, தன்னலமின்மை, கீழ்ப்படிதல்) அதிகபட்சம் 5 மட்டும் எடுக்கச் சொல்வார்கள். மத நம்பிக்கையை எடுத்தால் சிக்கனத்தையோ சுயமாக நிற்பதையோ விட வேண்டிவரும். அந்த இழுபறியில்தான் ஆள் தெரிகிறார். மற்ற நாட்டு எண்களோடு ஒப்பிடும் வசதியும் கிடைக்கிறது.

இன்னும் ஆழமாகப் போக வேண்டுமானால் உளவியலாளர் ஷ்வார்ட்ஸின் 10 அடிப்படை விழுமியங்களை அளக்கும் 21 வாக்கிய வடிவம் இருக்கிறது. “இவருக்குக் குடும்ப வழக்கத்தைப் பின்பற்றுவது முக்கியம். இவர் உங்களைப் போன்றவரா?” என்ற மாதிரி 6 படி அளவுகோல். ஐரோப்பிய சமூகச் சர்வேயின் வடிவத்தில் 1 என்றால் ‘மிகவும் என்னைப் போன்றவர்’. கணக்குப் போடுமுன் எண்ணைத் திருப்பிப் போட வேண்டும் (1 என்பது 6, 2 என்பது 5 என்று). அதன்பின் ஒவ்வொருவரின் 21 பதில்களின் சராசரியை எடுத்து, அவருடைய ஒவ்வொரு விழுமிய மார்க்கிலிருந்தும் கழியுங்கள். ஒருவரின் சராசரி 5.2, மரபுக்கு அவர் தந்தது 5.0 என்றால் மிச்சம் –0.2. இன்னொருவரின் சராசரி 3.9, மரபுக்கு 4.6 என்றால் +0.7. நேரடி மார்க்கைப் பார்த்தால் முதலாமவர் மரபுவாதி போலத் தெரிவார். உண்மையில் மற்றவற்றைவிட மரபை மேலே வைப்பவர் இரண்டாமவர். இந்தக் கழித்தலைச் செய்யாமல் வரும் மாணவர் ஆய்வேடுகள் ஏராளம்.

சாதி, காதல், பெண்ணின் வேலை போன்றவற்றை நேரடியாகக் கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். சிறு சூழல் ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள்: “25 வயது மகள் வேறு சாதிப் பையனைத் திருமணம் செய்ய விரும்புகிறாள். இருவருக்கும் வேலை இருக்கிறது. பெற்றோருக்குச் சம்மதமில்லை. அவள் என்ன செய்வது சரி?” பாதிப் படிவங்களில் மகள், மீதியில் மகன் (பையன் இருந்த இடத்தில் பெண்). மற்ற ஒரு சொல்லும் மாறக் கூடாது. எந்தப் படிவம் யாருக்கு என்பது குலுக்கலில் விழ வேண்டும். பக்கத்துக்கு 200 பேர் என்றால் இரு பக்க வித்தியாசம் சுமார் 10 சதவீதப் புள்ளிக்கு மேல் இருந்தால்தான் பொருட்படுத்தலாம். 4 புள்ளி வித்தியாசத்தைத் தலைப்புச் செய்தியாக்க வேண்டாம்.

62 கேள்வி அதிகம். 30-க்குள், 15 நிமிடத்துக்குள் முடியுங்கள். நம்பிக்கை பற்றிய கேள்விகள் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வரட்டும். முதல் கேள்வியிலேயே கடவுள் வந்தால் அதற்குப் பின் வரும் எல்லாப் பதிலும் பக்தியாகத்தான் வரும்.

---

களப்பணி எழுதியது:

வாட்ஸ்ஆப் யோசனையை முதலில் கைவிடுங்கள். குழுவில் போட்டால் உங்களைப் போன்றவர்களும் அவர்களுடைய நண்பர்களும் நிரப்புவார்கள். 4,000 பேர் நிரப்பினாலும் அதே ஆட்கள்தான் பெருகியிருப்பார்கள்.

கல்லூரி வாசலில் நிற்பதும் தீர்வாகாது. மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22-இல் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் (18–23 வயதினர் 100 பேருக்கு உயர்கல்வியில் எத்தனை பேர் என்பது) 47. இந்திய அளவில் அது 28.4. நாட்டிலேயே உயர்ந்த வரிசையில் இருக்கும் மாநிலத்திலும் கல்லூரி வயதினரில் பாதிப் பேர் கல்லூரிக்கு வெளியே. ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள், டெலிவரி ஓட்டுபவர்கள், பட்டறைப் பையன்கள், 21 வயதில் கைக்குழந்தையோடு இருப்பவர்கள் எல்லாரும் ‘இன்றைய இளைஞர்’ தானே. இவர்களை விட்ட சர்வேக்குக் கல்லூரி மாணவர் சர்வே என்றே பெயர் வைக்கலாம்.

செய்யக்கூடிய வழி இது. வாக்காளர் பட்டியலின் பாகங்களை (ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு பாகம்) வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் வாக்காளர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வந்து, சம இடைவெளியில் 40 பாகங்களை எடுங்கள். பெரிய பாகத்துக்கு வாய்ப்பு அதிகம், சிறியதற்குக் குறைவு. பட்டியலில் உள்ள பெயர்களையே தேடிப் போக வேண்டாம். 18, 19 வயதினர் பலர் இன்னும் பெயர் சேர்த்திருக்க மாட்டார்கள், வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்கள் பெயர் சொந்த ஊரில் இருக்கும். பட்டியல் பகுதியைத் தேர்ந்தெடுக்க மட்டும். அந்தப் பகுதியில் ஒரு மூலையிலிருந்து தொடங்கி 30 வீடுகளில் 18–25 வயதினர் யார் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி, கடைக்கு மேல் மாடியில் தங்கும் ஊழியர் அறை எல்லாம் ‘வீடு’ கணக்கில் சேரும். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தால் அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவர். அங்கே எத்தனை பேர் தகுதி என்பதைக் குறித்துவைத்து, பின்னால் கணக்கில் அதைப் பெருக்க வேண்டும்.

20 இடம் × 20 பேர் என்று போனால் அலைச்சல் குறைவு, ஆனால் நஷ்டம் பெரிது. மதமும் வழிபாடும் தெருவுக்குத் தெரு கொத்துக் கொத்தாக இருப்பவை. கொத்துக்குள் ஒற்றுமைக் கெழு (ஒரே பகுதிக்காரர்களின் பதில்கள் எவ்வளவு ஒன்றுபோல் இருக்கின்றன என்ற அளவு) 0.2 என்று வைத்தால், 20 பேர் வீதம் எடுக்கும்போது 1 + 19 × 0.2 = 4.8 மடங்கு இழப்பு: 400 பேர் சர்வே 83 பேர் சர்வேயின் வலுவுக்கு இறங்கும். 10 பேர் வீதம் 40 இடம் என்றால் 1 + 9 × 0.2 = 2.8, வலு சுமார் 143 பேர், பிழை எல்லை ±8 புள்ளி. “400 பேர், ±5” என்று அச்சிடுவது வெறும் குலுக்கல் சாம்பிளுக்குத்தான் பொருந்தும்.

அடுத்தது சிறுபான்மையினர் எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் 87.58, கிறிஸ்தவர்கள் 6.12, முஸ்லிம்கள் 5.86 சதவீதம். அதே விகிதத்தில் 400 எடுத்தால் கிறிஸ்தவர் 24, முஸ்லிம் 23. இருபத்து நான்கு பேரை வைத்து, கொத்து இழப்பை விட்டால்கூட, ±20 புள்ளிப் பிழையில் என்ன சொல்வது? இரு சமூகத்தினரிலும் தலா 100 பேர் வரும்படி கூடுதலாக எடுத்து, மொத்தத்தைச் சொல்லும்போது எடை போட்டு (ஒவ்வொருவர் பதிலையும் அவர் சமூகத்தின் உண்மை விகிதத்துக்கு ஏற்ற எண்ணால் பெருக்கி) இறக்க வேண்டும். 200–100–100 என்று எடுத்தால் எடைகள் முறையே 1.75, 0.245, 0.234 (மாநில விகிதப்படி, உங்கள் பகுதியின் விகிதத்தைப் போட்டு மாற்றுங்கள்). இதற்கும் விலை உண்டு: எடைகளால் மொத்த எண்ணின் வலு 400-இலிருந்து சுமார் 254-க்குக் குறையும், கொத்து இழப்பு அதற்கு மேல். மதவாரி ஒப்பீடுதான் நோக்கம் என்றால் இந்த விலை கொடுக்கலாம். ஊரின் மொத்தப் படம் மட்டும் போதும் என்றால் வேண்டாம். இரண்டும் வேண்டும் என்றால் 400 போதாது.

ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று 5 ஜோடி. பெண்களைப் பெண்ணே கேட்க வேண்டும். வார நாள் மாலை 6-க்கு மேல் ஜோடிக்கு 6 பேட்டி, ஞாயிறு 16. இரண்டு வாரத்தில் முடியும், மறுபடி போய்ப் பார்ப்பதையும் சேர்த்து. பகல் 11 மணிக்குப் போனால் வேலையில்லாதவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும்தான் கிடைப்பார்கள். ஆள் இல்லை என்றால் மூன்று முறையாவது திரும்பப் போக வேண்டும். ‘பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டோம்’ என்பது நடக்கக் கூடாது.

திண்ணையில் அப்பா உட்கார்ந்திருக்கும்போது 19 வயதுப் பெண் கோயிலுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டாள். கூச்சம் தரும் 8 அல்லது 10 கேள்விகளைத் தனித் தாளில் அச்சிட்டு, அவரே டிக் செய்து மடித்து மூடிய பெட்டியில் போடச் செய்யுங்கள். தேர்தல் ஆய்வுகளில் லோக்நீதி அமைப்பு மாதிரி வாக்குப்பெட்டியைப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான். தாளில் பெயர் வேண்டாம், வரிசை எண் மட்டும்.

கேட்பவரின் நெற்றியும் கழுத்தும் தலையும் கூடப் பதிலை மாற்றும். விபூதி, சிலுவைச் சங்கிலி, தொப்பி, கறுப்புச் சட்டை எதுவானாலும் சரி. கழற்றச் சொல்வது அழகல்ல. யாரை எந்தப் பகுதிக்கு அனுப்புவது என்பதைக் குலுக்கிப் போடுங்கள், ஒவ்வொரு படிவத்திலும் கேட்டவரின் எண் இருக்கட்டும். முடிவில் ஆளுக்கு ஆள் பதில் வேறுபடுகிறதா என்று பார்த்துவிடலாம்.

காலம்: கார்த்திகை, மார்கழி, சித்திரைத் திருவிழா, ரமலான், தேர்வுக் காலம் எல்லாம் வழிபாடு உச்சத்தில் இருக்கும் நாட்கள். ரமலான் ஆண்டுக்கு 10 அல்லது 11 நாள் முன்னால் நகரும் என்பதையும் பாருங்கள். மதுரைக்கு ஆனி மாதம் தோது, ஆடி பிறக்குமுன் முடித்துவிடுங்கள்.

---

ஒட்டுத்திண்ணை எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு: இடம் கொடுக்காது.

20 வயதுக்காரரும் 60 வயதுக்காரரும் வேறுபடுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வயது: திருமணம், குழந்தை, நோய் என்று வரவர வழிபாடு கூடுவது பல சமூகங்களில் உண்டு. தலைமுறை: வளர்ந்த காலம் வேறு. காலம்: இந்த வருடம் எல்லோரையும் ஒருசேரப் பாதித்த ஏதோ ஒன்று. ஒரே ஒரு முறை எடுத்த சர்வே இவற்றைப் பிரிக்காது. நீங்கள் 18–25 வயதினரை மட்டும் கேட்பதால் ஒப்பிட எதிர்த்தரப்பே இல்லை. பெற்றோரிடம் “உங்கள் 20 வயதில் நீங்கள் எப்படி” என்று கேட்டு அதை ஈடாக வைக்காதீர்கள். நினைவு இன்றைய மனநிலைக்கேற்ப வளையும்.

இளைஞர் என்றாலே பக்தி குறைவு என்ற முடிவோடும் தொடங்க வேண்டாம். பியூ மையம் 2018-இல் வெளியிட்ட உலகளாவிய ஒப்பீட்டில் 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் மதத்தின் முக்கியத்துவம் குறைவாக இருந்தது. ஜார்ஜியாவிலும் கானாவிலும் நேர்மாறு. இந்தியாவில் வயதுவாரி வித்தியாசம் பெரிதாக இல்லை என்றே அவர்களின் 2021 அறிக்கையும் காட்டியது.

ஆன்லைன் படிவத்தின் ஆபத்துக்கு அண்மை உதாரணம் இங்கிலாந்து. 2025 ஏப்ரலில் பைபிள் சொசைட்டி, யூகவ் என்ற ஆன்லைன் கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த சர்வேக்களை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மாதம் ஒருமுறையாவது சர்ச்சுக்குப் போகும் 18–24 வயதினர் 2018-இல் 4 சதவீதம், 2024-இல் 16 சதவீதம் என்றது. உலகம் முழுக்கச் செய்தி. ஆனால் முகவரிகளைக் குலுக்கி எடுக்கும் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மைச் சர்வேயில் அப்படிப்பட்ட எழுச்சி தெரியவில்லை என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். தானாகப் பதிவு செய்து சேரும் ஆன்லைன் குழுக்களில் இளம் வயதினர் பெயரில் வரும் பதில்களில் போலி அதிகம் என்பது இதற்கு முன்பே தெரிந்த பிரச்சினை. பியூ மையம் அப்படிப்பட்ட ஒரு குழுவைச் சோதித்தபோது, 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 12 சதவீதம் பேர் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்ட உரிமம் வைத்திருப்பதாக டிக் செய்திருந்தார்கள்!

ஆகவே உங்கள் 7 நாள் பட்டியலிலும் நடக்க முடியாத ஒன்றைச் சேருங்கள். “ஒரு வாரத்தில் கைலாய யாத்திரை போய்த் திரும்பினேன்” போன்றது. அதை டிக் செய்த படிவத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

தலைமுறை பற்றிப் பேசியே ஆக வேண்டுமானால் ஒரு வழி: உலக விழுமியங்கள் சர்வேயில் இந்தியா 1990 முதல் இருக்கிறது, தரவு இலவசம். அதே கேள்வியைச் சொல் மாறாமல் கேட்டு, அன்றைய 18–25-ஐ இன்றைய 18–25-ஓடு வைத்துப் பாருங்கள். மாநில அளவில் பிரித்தால் சாம்பிள் சிறுத்துவிடும் என்பதால் திசையை மட்டும் நம்பலாம், புள்ளியை அல்ல. அல்லது அதே 40 பகுதிகளில் 5 ஆண்டு கழித்து மறுபடி எடுங்கள்.

---

தேனீ எழுதியது:

எல்லோரும் எண்ணிலேயே நிற்கிறீர்கள். டிக் செய்தவர் ஏன் டிக் செய்தார் என்பது படிவத்தில் வராது.

அமெரிக்காவில் 2002–03-இல் 13–17 வயதினர் 3,290 பேரைத் தொலைபேசியில் கேட்ட இளைஞர் மத ஆய்வு அதோடு நிற்காமல் 267 பேரை உட்காரவைத்துப் பேசியது. மதம் முக்கியம் என்று படிவத்தில் சொன்ன பிள்ளைகள் பலருக்கு, தங்கள் மதம் எதைச் சொல்கிறது என்று நேரில் விவரிக்க வரவில்லை. கடவுள் நாம் நல்லவர்களாகவும் சந்தோஷமாகவும் இருக்க விரும்புகிறார், பிரச்சினை வந்தால் உதவுவார், மற்ற நேரம் தலையிடமாட்டார் என்ற அளவில்தான் இருந்தது. அந்த ஆய்வில் இன்றுவரை பேசப்படுவது இந்த நேர்காணல் பகுதிதான்.

400-இல் 24 பேரை எடுத்து ஆளுக்கு 60–75 நிமிடம் பேசுங்கள். சராசரி ஆட்கள் வேண்டாம். பட்டியலும் பேச்சும் முரண்படும் ஆட்களைத் தேடி எடுங்கள்: மதமில்லை என்று சொல்லி மாலை போட்டவர், தினமும் தொழுதுவிட்டு வேறு மதத்தில் திருமணம் சரி என்பவர், வாராவாரம் சர்ச்சுக்குப் போய் எல்லாவற்றுக்கும் “வீட்டில் சொன்னதால்” போட்டவர்.

பேச்சின் வரிசை முக்கியம். போன வாரம் எப்படிப் போனது என்று தொடங்கி, அண்மையில் எடுத்த ஒரு கஷ்டமான முடிவு (படிப்பை விட்டது, வேலை மாறியது, காதலை வீட்டில் சொன்னது), அதில் யாரிடம் யோசனை கேட்டார், எதற்குப் பயந்தார், எதைச் செய்யவே கூடாது என்று நினைத்தார் என்று போக வேண்டும். கடவுள் அவராகவே உள்ளே வருகிறாரா என்று காத்திருங்கள். 40 நிமிடம் வரை வரவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். அதன்பின்தான் நேரடியாகக் கேட்பது. “ஏன்” என்று கேட்டால் நியாயம் சொல்லத் தொடங்குவார், “அப்போது என்ன நடந்தது” என்று கேளுங்கள்.

குழு உரையாடல் வைத்தால் 6 முதல் 8 பேர், ஆண் பெண் தனி. ஒரு தீவிர பக்தரோ ஒரு தீவிரப் பகுத்தறிவாளரோ உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லோரும் தலையாட்டிகளாகிவிடுவார்கள். அதனால் தொடக்கத்திலேயே ஆளுக்கு ஒரு சீட்டில் பதிலை எழுதி வாங்கிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். பாதிரியார், ஆலிம், கோயில் நிர்வாகி, கட்சிப் பொறுப்பாளர் யாரும் அறையில் இருக்கக் கூடாது, அறையும் அவர்கள் இடமாக இருக்கக் கூடாது.

---

வைகைக்கரை எழுதியது:

வாட்ஸ்ஆப்பை விட்டாயிற்று. 40 பகுதி, 10 பேர் வீதம், 200–100–100 என்று போகிறோம். இரண்டு சந்தேகம் பாக்கி. பெரியாரிய வீட்டுப் பிள்ளைகள், மதமில்லை என்பவர்கள், வீட்டில் ஒன்று தனக்கு ஒன்று என்று இருப்பவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது? பிளஸ் 2 மாணவர்களையும் (16, 17 வயது) சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

---

பொருநை எழுதியது:

ஒரே மதக் கேள்வியை மூன்றாக்குங்கள்: குடும்பம் எந்த மதம், சான்றிதழில் என்ன இருக்கிறது, இப்போது உங்களை என்னவென்று சொல்லிக்கொள்வீர்கள். 200–100–100 ஒதுக்கீட்டுக்கு முதல் கேள்வியை வையுங்கள். பகுப்பாய்வுக்கு மூன்றாவது. மூன்றாவதில் ‘மதமில்லை’, ‘கடவுள் உண்டு, மதம் வேண்டாம்’ இரண்டும் தனித்தனிக் கட்டமாக இருக்கட்டும்.

சான்றிதழ் கேள்வி வீண் என்று நினைக்க வேண்டாம். பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் குறிப்பிடாமல் விடலாம் என்று தமிழக அரசு 1973-இலேயே ஆணை போட்டிருக்கிறது. 2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் சாதி, மதம் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார். ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லாமல் இடஒதுக்கீடு இல்லை. அதனால் மனதளவில் விலகியவர்களும் தாளில் விலகமாட்டார்கள். தாளை வைத்து ஆளை எடைபோட்டால் இவர்களைத் தவறவிடுவோம்.

சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967 திருத்தச் சட்டத்தின் மூலம் இங்கே சட்ட அங்கீகாரம் உண்டு என்பதால் “உங்கள் திருமணம் எந்த முறையில் நடக்க வேண்டும்” என்ற கேள்விக்கு அதையும் ஒரு விடையாகக் கொடுக்கலாம். கூடவே “வீட்டில் எந்த முறையை எதிர்பார்ப்பார்கள்” என்றும் கேளுங்கள். இரண்டு பதிலுக்கும் இடையிலுள்ள தூரம், கடவுள் உண்டா என்ற கேள்வியைவிட நிறையச் சொல்லும்.

---

களப்பணி எழுதியது:

16, 17 வயதினரை விடுங்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகளாகவே வைக்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும்போதே கேள்விகளைக் காட்ட வேண்டிவரும், பிறகு பிள்ளையின் பதில் பெற்றோரின் பதிலாகிவிடும். தனி ஆய்வாகச் செய்வதானால் செய்யுங்கள், இதோடு கலக்க வேண்டாம்.

பெரியவர்களிடமும் பெயர், மொபைல் எண், சாதி, மதம் நான்கும் ஒரே தாளில் வேண்டாம். தேனீ சொல்லும் 24 நேர்காணலுக்குத் திரும்பப் போக வேண்டும் என்பதால் வரிசை எண்ணையும் மொபைல் எண்ணையும் இணைக்கும் தாள் ஒன்று தேவைப்படும். அதை ஒருவர் மட்டும் தனியே பூட்டிவைத்து, நேர்காணல் முடிந்ததும் கிழித்துவிடட்டும். வெளியிடும் அட்டவணையில் 10 பேருக்குக் குறைவான கட்டத்தைக் காட்டாதீர்கள். ஒரு தெருவில் ‘22 வயது, பெண், கிறிஸ்தவர், மதம் மாறியவர்: 1’ என்று அச்சில் வந்தால் அந்தத் தெருவுக்கே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.